திங்கட்கிழமை ரத்தம்

எனக்கு எழுபத்துநாலு வயது. ஆறு பேரை வளர்த்தேன். பெற்றது நாலு, மற்ற இரண்டும் தங்கச்சி விட்டுப்போன பிள்ளைகள். ஆறு பேரில் ஒருவரையும் அரைவயிற்றோடு படுக்கவிட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். ஏனென்றால் இப்போது சொல்லப்போகிற கதையில் என்னை ஒரு போத்தலாக்கி வைத்திருந்தார்கள்.

பன்னிரண்டு, பதின்மூன்று வருசத்துக்கு முந்திய ஒரு திங்கட்கிழமை காலை. வெள்ளவத்தையில் கடற்பக்கமாக இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் எங்கள் லாப். ரயில் போனால் கண்ணாடிக் குழாய்கள் எல்லாம் கிணுகிணுக்கும். கதவைத் திறந்தால் ஸ்பிரிட் மணமும் கடல் உப்பும் சேர்ந்து மூக்கில் அடிக்கும்.

நான் கூட்டித் துடைத்துவிட்டு, நோயாளிகள் இருக்கிற கதிரையில் இருந்து கையை நீட்டுகிறேன். நிஸ்மியா ரப்பர் பட்டியைக் கட்டுகிறாள். ரத்தம் சோதிக்கப் படித்த பிள்ளை, தெமட்டகொடையில் இருந்து வருகிறவள். ஊசி போடுவது நுளம்பு கடித்த மாதிரித்தான். ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் என் ரத்தம். அதை மெசினின் மூக்கில் பிடிப்பாள். மெசின் உறிஞ்சும், கரகரக்கும், திரையில் ஹீமோகுளோபின் இலக்கம் வரும், உடம்பில் ரத்தம் போதுமா என்று சொல்கிற இலக்கம்.

பன்னிரண்டு தசம் எட்டு.

உள்ளேயிருந்து எங்கள் சேர், லாபின் சொந்தக்காரர், எட்டிப்பார்த்துச் சொல்லுவார்: "பூமணியக்கா சரியெண்டால் எல்லாம் சரி. கதவைத் திறவுங்கோ."

அந்தப் பேச்சில் எனக்கு எவ்வளவு பெருமை என்று கேட்காதீர்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். படித்தவர்களின் மெசினுக்கு என் கைதான் சாட்சி என்றால் பெருமையில்லாமல் இருக்குமா?

விடை தெரிந்த ரத்தம்

இதை வாசிக்கிறவர்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காகச் சொல்லுகிறேன். எனக்கே விளங்கக் கனகாலம் எடுத்தது.

மெசின் ஒரு இலக்கம் சொல்லும். அது சரியா பிழையா என்று உங்களுக்கும் எனக்கும் எப்படித் தெரியும்? அதனால் ஆட்களின் ரத்தத்தை வைக்க முதல், விடை முன்பே தெரிந்த ரத்தம் ஒன்றை வைத்துப் பார்ப்பார்கள். அதற்குப் பெயர் கொன்ட்ரோல். வெளிநாட்டில் செய்து, சின்னச் சின்னப் போத்தலில், ஐஸ் பெட்டியில் வரும். இந்தப் போத்தலில் இவ்வளவுதான் இருக்கிறது என்று ஒரு கடதாசியும் கூட வரும். மெசின் அதையே சொன்னால் நல்லது. சொல்லாவிட்டால் கதவைத் திறக்கக்கூடாது.

ரத்தப் போத்தலுக்கு ஆயுள் குறைவு. பிறிஜ்ஜில் வைத்தாலும் சில கிழமைதான். எங்கள் லாப் சின்னது. பாதிப் போத்தல் மிஞ்சியிருக்கத் திகதி முடிந்துவிடும். ஒருமுறை துறைமுகத்தில் பெட்டி சுணங்கி, வெந்நீர் மாதிரிச் சுட்டுக்கொண்டு வந்து சேர்ந்தது. அன்றைக்குத்தான் சேருக்கு அந்த யோசனை வந்தது.

லாபில் வேலைசெய்கிற எல்லோருடைய ரத்தத்தையும் இரண்டு மாதம் எடுத்துப் பார்த்தார். நிஸ்மியாவுக்கு மாதத்துக்கு மாதம் ஏறும், இறங்கும். காசு வாங்குகிற மேசையில் இருக்கும் தம்பி சிகரெட் குடிக்கிறவன், புகை இலக்கத்தைக் கூட்டிக் காட்டும். எனக்கோ மாதவிலக்கு நின்று பத்து வருசம் கழிந்துவிட்டது. இன்றைக்கும் பன்னிரண்டு தசம் எட்டு, நாளைக்கும் பன்னிரண்டு தசம் எட்டு.

"கல்லு மாதிரி நிக்குது. இனிப் போத்தல் என்னத்துக்கு?" என்றார்.

நிஸ்மியா மட்டும் முகத்தைச் சுளித்தாள். ஆள் உயிரோடு இருக்கிற ஆள், போத்தல் இல்லையே சேர் என்று அவள் சொன்னது எனக்கும் கேட்டது. சேர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது. என் பெருமையைக் கெடுக்கிறாள் என்று நினைத்தேன்.

அவருடைய அளவு நாடா

இந்த இடத்தில் என் வீட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அவர் கொட்டாஞ்சேனையில் தையற்காரர். ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு அறைக்கடை. கழுத்தில் எந்த நேரமும் அளவு நாடா தொங்கும். பட்டன் கட்டுவது, காஜா எடுப்பது என் வேலை.

ஒரு வருசம் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வெள்ளைச் சட்டை தைக்கக் கிடைத்தது. அளவுகளை அவர்களே கடதாசியில் எழுதிக் கொடுத்தார்கள். தைத்துக் கொடுத்தோம். பிள்ளைகள் போட்டுப் பார்த்தால் எல்லாம் தொளதொள. ஒரு பிள்ளை சட்டைக்குள் கையை மடக்கி வைத்துக்கொண்டு கை இல்லாதவள் மாதிரி ஆடிக் காட்டினாள்.

அவருக்கு நம்பவே முடியவில்லை. பிறகு வேறொரு கடையின் முழக்கோலை வைத்துப் பார்த்தால், கழுத்தில் தொங்கித் தொங்கி, வேர்வை பட்டுப் பட்டு நாடா நீண்டுபோயிருந்தது. இரண்டாவது நாடாவை வைத்துப் பார்த்தாரா என்று கேட்டேன். பார்த்தாராம், இரண்டும் ஒன்றாகத்தான் இருந்ததாம். இருக்காதா பின்னே? இரண்டாவதை நீண்டுபோன முதலாவதைப் பார்த்துத்தான் தானே வெட்டிக் கோடு போட்டிருந்தார்.

அன்றைக்கு நான் அவரைத் திட்டிய திட்டு அந்த வீதிக்கே தெரியும். இரும்பு முழக்கோல் ஒன்று வாங்கி மேசையில் ஆணி அடித்து வைத்த பிறகுதான் வாயை மூடினேன். அதே வாய்தான் லாபில் கையை நீட்டிக்கொண்டு சிரித்தது. மனிசருக்குத் தன்னுடைய விசயம் என்று வந்தால் கண் தெரியாது.

கீரை என்று நினைத்தேன்

அந்த வருசம் எனக்கு முழங்கால் வலி தொடங்கியது. பாமசியில் கேட்டு ஒரு குளிசை வாங்கிக் குடித்தேன். குடித்தால் வலி போகும், அதனால் நாளுக்கு இரண்டு, பிறகு மூன்று. வயிறு எரியும். வெளிக்குப் போனால் கறுப்பாகப் போகும். வல்லாரைக் கீரை சாப்பிட்டதால் என்று விட்டுவிட்டேன். காலி வீதியில் பஸ் விட்டிறங்கி லாபுக்கு நடக்க மூச்சு வாங்கியது. வயது என்று விட்டுவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை மெசின் பன்னிரண்டு தசம் ஐந்து என்றது.

சேர் வந்து பார்த்தார். மெசின் இறங்குது என்றார். அந்த மெசினில் கூட்டிக் குறைக்கிற ஒரு இடம் இருக்கிறது, திரையில் விரலை வைத்து அமத்துவது. அமத்தினார். திரும்பவும் என் ரத்தத்தை வைத்தார்கள். பன்னிரண்டு தசம் எட்டு. கதவைத் திறந்தோம்.

அடுத்த திங்கட்கிழமையும் கொஞ்சம் இறங்கியது. திரும்பக் கூட்டினார். அதற்கடுத்த கிழமையும். இப்படி மூன்று மாதம் போல. என்னுடைய ரத்தம் குறையக் குறைய மெசினைக் கூட்டிக்கொண்டே போனார்கள்.

நிஸ்மியாவுக்கு ஒரு சந்தேகம் வந்ததுதான். "ஆம்பிளையளுக்கெல்லாம் ரத்தம் கூடிக்கூடி வருது சேர், மெசின்ல என்னமோ பிழை ஈக்கி," என்று சொன்னாள். டெங்குக் காலம், உடம்பில் தண்ணி குறைந்தால் அப்படித்தான் காட்டும் என்று சேர் பதில் வைத்திருந்தார். அவரிடம் எதற்கும் ஒரு பதில் இருக்கும்.

இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது. இலக்கம் குறைந்தபோது எல்லோரும் மெசினைப் பார்த்தார்கள். கதிரையில் கையை நீட்டிக்கொண்டு இருந்தவளின் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கை சரியாக வந்தது, அது போதும் அவர்களுக்கு.

சுகந்தியின் ரிப்போர்ட்

சுகந்தி என் தங்கச்சி விட்டுப்போனவர்களில் இளையவள். அந்த நேரம் அவளுக்கு ஆறு மாதம், முதல் பிள்ளை. படியேறினால் கண் இருட்டுகிறது என்றாள். நான் என்ன செய்தேன்? எங்கள் லாபுக்கே கூட்டிக்கொண்டு போனேன். பதினொன்று தசம் இரண்டு வந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு அது நல்ல கணக்கு. ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து, ஒன்றும் இல்லை, பேரீச்சம்பழம் சாப்பிடு என்று அனுப்பினேன்.

அடுத்த கிழமை கொட்டாஞ்சேனைக் கிளினிக்குக்கு அவளோடு போனேன். அங்கே ஒரு மிஸ்ஸி, கிளினிக் தாதி, சிங்களப் பெண், என்னிலும் பத்து வயது குறைவாக இருக்கும். சுகந்தியின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். நகத்தைப் பார்த்தாள். ரிப்போர்ட்டைப் பார்த்தாள். திரும்பவும் கண்ணைப் பார்த்தாள். இந்தப் பிள்ளைக்கு ரத்தம் காணாது, இது பிழையான ரிப்போர்ட், ஆஸ்பத்திரியில் திரும்பப் பார்க்கவேண்டும் என்றாள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். என் லாபைப் பிழை சொல்ல நீ யார் என்று அவளிடம் சிங்களத்திலேயே ஏறினேன். வரிசையில் இருந்த பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மெசினை ஒவ்வொரு திங்கட்கிழமையும் பார்க்கிறோம், என் ரத்தத்தை வைத்தே பார்க்கிறோம், ஒரு புள்ளி பிசகாது என்று நெஞ்சில் கையை வைத்துச் சொன்னேன்.

அவள் பேனையை மேசையில் வைத்தாள். சத்தம் போடவில்லை.

"அம்மே, மெசினை நீங்கள் பார்த்தீர்கள். உங்களை யார் பார்த்தது?"

சொல்லிவிட்டு எழும்பி வந்து, கேட்காமலே என் கண்ணிமையைக் கீழே இழுத்தாள். சுகந்தி பக்கத்தில் நின்று பார்த்தாள். பார்த்தவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். கடதாசி மாதிரி வெள்ளையாம்.

இரண்டு பேரையும் ஒரே த்ரீவீலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சுகந்திக்கு எட்டு தசம் நாலு. எனக்கு ஒன்பது தசம் ஆறு. குளிசை வயிற்றைப் புண்ணாக்கி, மாதக்கணக்காக உள்ளுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது.

வாட்டில் எனக்கு ஒரு கட்டில், அவளுக்கு மேல்மாடியில் ஒரு கட்டில். அவளுக்கு இரும்புச்சத்து ஏற்றினார்கள். வயிற்றில் பிள்ளை வளர்ந்தது காணாது, பார்த்துக்கொண்டிருக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். பார்ப்போம் என்றார். அந்தப் "பார்ப்போம்" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் படுத்துக் கிடந்தேன். அவளுக்கு ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பியவள் நான். அந்தப் பிழையை ஊட்டி வளர்த்ததும் என் ரத்தம்.

கதிரையில் இருந்தேன்

பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை லாபுக்குப் போனேன். நிஸ்மியாவுக்குத் தொலைபேசியில் எல்லாம் சொல்லியிருந்தேன். அவள் அழுதிருந்தாள், கண் வீங்கியிருந்தது. மெசினைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம், இனிப் பிரச்சினை இல்லை என்று சேர் சொன்னார், சரிபார்க்கப் போத்தல் ஒன்றும் இல்லாமலே. சுகமோ என்றும் கேட்டார், அதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். இந்த மூன்று மாதம் ரிப்போர்ட் வாங்கிப்போன ஆட்களுக்கு யார் சொல்லுவது?

"ஒரு சின்ன வித்தியாசம் பூமணியக்கா. அதைப் போய் ஊரெல்லாம் சொல்லி லாபை மூடச் சொல்லுறியளோ?"

சின்ன வித்தியாசம். சுகந்தியின் பிள்ளை வயிற்றில் அரைகுறையாய்க் கிடக்கிறது, இவருக்கு அது சின்ன வித்தியாசம்.

கூட்டுகிற தும்புத்தடியைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு, வாசலுக்கு நேரே இருக்கிற நோயாளிக் கதிரையில் போய் இருந்தேன். முதல் வந்தவர் கொலன்னாவையில் இருந்து ஒரு மேசன். இங்கே ரத்தம் பார்க்கிற மெசினை நம்பமுடியாது, வேறு இடத்துக்குப் போங்கள் ஐயா என்றேன். அடுத்து வந்தது ஒரு முஸ்லிம் உம்மாவும் மகளும். அவர்களுக்கும் சொன்னேன். பிறகு ஒரு சிங்கள மாத்தயா. சிங்களத்தில் சொன்னேன். அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டு உள்ளே எட்டி சேரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

சேர் வந்து முன்னால் நின்றார். வீட்டுக்குப் போகச் சொன்னார். போகமாட்டேன் என்றேன். வேலையை விட்டு நிற்பாட்டுவேன் என்றார். நிற்பாட்டுங்கோ, கதிரை நோயாளியளுக்குத்தானே, நான் நோயாளிதான் என்றேன். நிஸ்மியா உள்ளே சிரித்த சத்தம் கேட்டது, பிறகு இருமி மறைத்தாள்.

பத்து மணிக்குள் அவர் இறங்கி வந்து, எல்லோருக்கும் சொல்லச் சம்மதித்தார்.

மூன்று நாள் நானும் நிஸ்மியாவும் பதிவுக் கொப்பியை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்தோம். அவள் இலக்கத்தை அமத்துவாள், நான் கதைப்பேன். வேறு லாபில் காசில்லாமல் திரும்பப் பார்த்துத் தருகிறோம் என்று சொல்லுவேன். சிலர் ஏசினார்கள். ஏசட்டும், ஏசவேண்டிய விசயம்தான். சிலருடைய தொலைபேசி வேலை செய்யவில்லை. அவர்களில் பிள்ளைத்தாய்ச்சிகளும் இருந்தார்கள். அவர்களுக்கு என்ன ஆனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இதை எழுதுவதே அதற்காகத்தான் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

சுகமில்லாத போத்தல்

பிறகு போத்தல் தெரிவுசெய்கிற வேலை வந்தது. கொள்ளுப்பிட்டியில் இருக்கிற கம்பனி ஒன்றில் இருந்து கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் வந்தார். மெசினைச் செய்த ஆட்களே செய்த கொன்ட்ரோல், எப்போது வைத்தாலும் சரியாகத்தான் வரும் என்று புகழ்ந்தார்.

நிஸ்மியா அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். "எப்பவும் சரியாத்தான் வருமெண்டா, பொறகு அது என்னத்துக்கு?"

எனக்கு அந்த நாடா ஞாபகம் வந்தது. மெசினுக்கு அளவு வைத்தவனே மெசினைச் சோதிக்கவும் போத்தல் தந்தால், இரண்டும் சேர்ந்து நீண்டாலும் எங்களுக்கு எப்படித் தெரியும்?

அவருடைய பெட்டியை நான் திறந்து பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி, சுகமான ஆளின் அளவு. இதில் சுகமில்லாத ஆளின் ரத்தம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சேரைப் பார்த்துச் சிரித்தார், துடைக்கிற அம்மா கேட்கிற கேள்வி என்று.

"தம்பி, சுகமான ஆள் எதுக்கு லாபுக்கு வாறது? வாறது எல்லாம் ரத்தம் குறைஞ்ச ஆக்கள். குறைஞ்சதை மெசின் சரியாச் சொல்லுதோ எண்டு பாக்க உங்களிட்ட ஒண்டும் இல்லையோ?"

அவர் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டார்.

கடைசியில் நிஸ்மியாதான் தெரிவுசெய்தாள். வேறு கம்பனி. மூன்று போத்தல்: குறைந்தது, நடுத்தரம், கூடினது. சாயத் தண்ணி இல்லை, ரத்தத்தின் அணுக்களே இருக்கின்றன, படிந்து அடியில் கிடப்பதைக் கையில் வைத்து மெதுவாக உருட்டவேண்டும். எங்களுக்கு அளவான சின்னப் போத்தலாகக் கேட்டு எடுத்தாள், திகதிக்கு முதல் முடிகிற மாதிரி. பழையது முடிகிறதற்குச் சில நாள் முன்பே புதியதையும் சேர்த்து வைத்துப் பார்ப்பாள், இரண்டும் எங்கே நிற்கிறது என்று. ஐஸ் உருகி வந்த பெட்டியை வாசலிலேயே திருப்பி அனுப்புவோம். அந்த வேலை எனக்கு. பெட்டியில் கையை வைத்துப் பார்க்க இங்கிலீஷ் எழுத்துத் தெரியவேண்டியதில்லை.

ஒவ்வொரு காலையும் சுவரில் இருக்கிற கடதாசியில் அவள் மூன்று புள்ளி வைப்பாள். புள்ளிகள் ஒரே பக்கமாக ஏறினாலோ இறங்கினாலோ நான் முதலில் கண்டுபிடித்துச் சொல்லுவேன். கதவு திறக்காது. வாசலில் ஆட்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

சேர் அதற்குப் பிறகு என்னிடம் கையை நீட்டச் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. நான் வேலையை விட்ட நாளில், எங்கட பழைய கொன்ட்ரோல் போகுது என்று பகிடியாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

வாசி பிள்ளை

சுகந்திக்கு நாள் இன்னும் கிடக்கவே பிள்ளை பிறந்தது. இரண்டு கிலோவுக்கும் குறைவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். கையை உள்ளே விட்டுத் தொட விட்டபோது, என் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டது, என்ன பிடி அது.

அந்தப் பிள்ளைதான் ஆரணி. பன்னிரண்டு வயது. எனக்கு முன்னால் நிலத்தில் சப்பணம் கட்டிக்கொண்டு இருக்கிறாள். இரும்புக் குளிசை குடிக்க இன்றைக்கும் அழிச்சாட்டியம் பண்ணுகிறவள்.

ஆரணி, இந்தா கொப்பி. இவ்வளவையும் ஒருக்கால் வாசி. எழுதினபடியே வாசி. அம்மம்மாவுக்குப் பிடிக்கும் என்று ஒன்றையும் கூட்டிவிடாதே. என் முகத்தைப் பார்த்துப் பார்த்து வாசிக்கவும் வேண்டாம், நான் எழுதினதுக்கு நானே தலையாட்டுவேன், அது செல்லாது. குசினிக்குள் நிற்கிற அம்மாவைக் கூப்பிடு. கிளினிக்கில் பக்கத்தில் நின்றவள் அவள். வந்து இதில் இருக்கட்டும், எந்த இடம் பிழை என்று அவள் சொல்லட்டும்.

ம். வாசி.